பவுடர் டின்னில் வந்த மாத்திரை

கட்டபெட்டு,
12.7.1975

அன்புள்ள எல்லப்பன் அண்ணனுக்கு, தங்கச்சி ஆயம்மாள் எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று முதல் வரி எழுதப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். பொய் எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

நாங்கள் இலங்கையை விட்டுக் கப்பல் ஏறி எட்டு மாதம் ஆகிறது. மண்டபம் முகாமில் இரண்டு மாதம் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். கோத்தகிரி பக்கம் அரசாங்கத் தோட்டம். லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா கொடுத்திருக்கிறார்கள். தேயிலை அதே தேயிலைதான். நம் ஊரில் விடிகாலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு இங்கே மஸ்டர் என்று பேர். குளிர்தான் வேறு. ஹப்புத்தளைக் குளிரைப் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தோமே, இங்கே வந்து பாருங்கள்! காலை பத்து மணிக்கும் எதிர் லயம் தெரியாது. மஞ்சு உள்ளே வந்து பாயையும் போர்வையையும் நனைக்கிறது.

அவருக்கு இழுப்பு திரும்பிவிட்டது. மூன்று மாதமாகப் படுத்துத் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறார். கவ்வாத்துக் கத்தியை எடுத்து நாலு செடி வெட்டினால் ஐந்தாவது செடியில் இருமல். டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணி ஒன்று கொடுக்கிறார்கள். குடித்தால் வாய் இனிக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். என் பேரும் அவர் பேரும் செக்ரோல் பதிவேட்டில் இருப்பதால்தான் இந்தக் காம்பரா. சேரும்போது டாக்டர் சோதித்தார். இவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு வியாதியும் இல்லை என்று சொல்லித்தான் உள்ளே வந்தார். அடிக்கடி லீவு போட்டால் மறுபடி சோதிப்பார்களாம். இழுப்பு என்று தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வீடும் போகும். பிறகு மகள் பொன்னாயியைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது?

இந்தியாவுக்குப் போக ஃபாரம் கொண்டுவந்து, 'நாங்களும் பின்னாலேயே வர்றோம்' என்று கையெழுத்து வாங்கியது நீங்கள். பிறகு அண்ணி வீட்டார் சொல்லைக் கேட்டு உங்கள் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டதும் நீங்கள். அதைப் பேசினால் எனக்கு ஆத்திரம் வரும், விடுங்கள். நாங்கள் புறப்படுவதற்கு முன்னால் டிஸ்பென்சர் ஐயா இவருக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தாரே, ஒரு வாரத்தில் மலை ஏறினாரே, அந்த மாத்திரையை அனுப்புங்கள். அதைச் செய்தால் போதும். வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

ஆயம்மாள்


ஹப்புத்தளை,
20.8.1975

அன்புத் தங்கச்சி ஆயம்மாளுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தது. நீ திட்டினது நியாயம்தான். நான் என்ன செய்வது, என் நிலைமை அப்படி. இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்கிறார்கள். துரை மூட்டை கட்டுகிறார். அண்ணிக்கு இடுப்புவலி. மழையும் இந்த வருஷம் சரியில்லை.

மாத்திரை கிடைத்துவிட்டது. டிஸ்பென்சரைக் கையைக் காலைப் பிடித்து வாங்கினேன். மேல் லயத்து மருதாம்பாள் குடும்பம் அடுத்த கப்பலில் வருகிறது. அவளிடம் கொடுத்திருக்கிறேன். தலைமன்னாரில் சுங்கக்காரன் துணியைக்கூட உதறிப் பார்க்கிறான். அதனால் ஒரு பவுடர் டின்னின் அடியைப் பிரித்து, மாத்திரையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, மேலே பவுடரைக் கொட்டி மூடியிருக்கிறேன். முந்நூறு இருக்கிறது. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பிட்ட பிறகு கொடு. எத்தனை நாள் என்பதை உடம்பைப் பார்த்துக்கொண்டு செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயம். இது தோட்டத்து ஸ்டாக்கிலிருந்து வருவது. வெளியே தெரிந்தால் டிஸ்பென்சர் வேலையும் போகும், என் வாச்சர் வேலையும் போகும். அங்கே எந்த டாக்டரிடமும் எந்த நர்ஸிடமும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. மாரியம்மன் மேல் ஆணை. மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடு.

எல்லப்பன்


கட்டபெட்டு,
3.11.1975

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

மருதாம்பாளைக் கூடலூர் பக்கம் போட்டுவிட்டார்கள். இருந்தாலும் பஸ் ஏறி வந்து டின்னைக் கொடுத்துவிட்டுப் போனாள், மகராசி. பிரித்தபோது காம்பரா முழுக்கப் பவுடர் வாசம். பொன்னாயி முகத்தில் அப்பிக்கொண்டு ஆடினாள். பதினாறு வயதுக் குமரி மாதிரியா நடந்துகொள்கிறது!

நாலாம் நாளே இழுப்பு நின்றது. இப்போது அவர் படுத்துத் தூங்குகிறார். குறட்டை விடுகிறார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பசி என்றால் அப்படி ஒரு பசி, என் தட்டிலிருப்பதையும் எடுத்துச் சாப்பிடுகிறார். கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. எங்கள் டிவிஷன் நர்ஸ் வேலாமணி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி, நல்ல மாதிரி. அவளே நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டுக்காரருக்கு நம்ம மலைத்தண்ணி ஒத்துக்கிச்சாட்ட இருக்குதுங்களே" என்றாள். நான் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆணையை மீறவில்லை.

கவ்வாத்தில் இவர்தான் இப்போது முதல் ஆள். சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அண்ணே, வாழ்க்கையில் ஒரு உருப்படியான காரியம் செய்தீர்கள். டின் பாதியாகிவிட்டது. அடுத்த கப்பலில் யார் வருகிறார்கள் என்று பார்த்து அனுப்புங்கள்.

அன்புத் தங்கச்சி
ஆயம்மாள்


ஹப்புத்தளை,
10.1.1976

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை குறட்டை விடுகிறார் என்ற இடத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ இங்கே இருந்தபோதுகூட என்னோடு இவ்வளவு நன்றாகப் பேசினதில்லை.

போன மாதக் கப்பலில் அனுப்பின இரண்டு டின்னும் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். சித்திரையில் இன்னொன்று அனுப்புவேன். கவலைப்படாதே. அண்ணன் இருக்கிறவரை மாப்பிள்ளைக்கு மாத்திரை குறையாது.

எல்லப்பன்


கட்டபெட்டு,
8.8.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன், இன்றைக்கு உங்கள் முறை.

சித்திரையில் அவர் வாயில் வெள்ளையாக ஏதோ படிந்தது. நாக்கில், உள் கன்னத்தில், தயிர் ஆடை ஒட்டினது மாதிரி. துணியால் துடைத்தால் கீழே ரத்தம். வேலாமணி பார்த்துவிட்டு ஊதா மருந்து தடவினாள். வாய், உதடு, பல் எல்லாம் ஊதா. பொன்னாயி சிரித்தாள், அவரும் சிரித்தார். பத்து நாளில் போய்விட்டது. பிறகு திரும்ப வந்தது. திரும்ப ஊதா. மூன்றாம் தடவை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. கஞ்சி விழுங்கினாலே நெஞ்சு எரிகிறது என்கிறார். வேலாமணிக்கே சந்தேகம். "இது சின்னக் கொழந்தைகளுக்கு வர்றதுங்க. பெரியவங்களுக்கு வந்தா உள்ளே என்னமோ இருக்குதுன்னு அர்த்தமுங்க. சக்கரை பாத்தீங்களா?" என்று கேட்டாள். சர்க்கரையும் பார்த்தாயிற்று. கொஞ்சம் இருக்கிறது, இதற்கு அது காரணமாகாது என்றார்கள்.

இப்போது சாயங்காலமானால் காய்ச்சல். சளியில் ரத்தக் கோடு. குன்னூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் நெஞ்சில் கறை என்றார். டிபி என்று சொல்லி ஊசி போடச் சொன்னார். அறுபது ஊசி போட்டாயிற்று, அண்ணே. இடுப்பில் ஊசி குத்த இடமில்லை. சளியை மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் டிபி கிருமி இல்லை என்றே வந்தது. கிருமி இல்லையென்றால் ஊசி எதற்கு என்று கேட்டேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்தேன். முதல் நாளே அந்த டாக்டர் 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா' என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். உங்கள் ஆணை இருக்கிறதே.

தோலைத் தொட்டால் கன்றிப்போகிறது. கத்திக் கீறல் ஒரு மாதமாக ஆறவில்லை. முகம் மட்டும் வட்டமாக, பார்க்கிறவர்களுக்கு நல்ல சுகத்தில் இருக்கிற ஆள் மாதிரி. லீவு அதிகமாகிவிட்டது, சூப்பர்வைசர் இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மாத்திரை விடாமல் கொடுக்கிறேன். அது ஒன்றால்தான் இழுப்பாவது இல்லாமல் இருக்கிறது. டிஸ்பென்சர் ஐயாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இதற்கு வேறு நல்ல மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டு உடனே எழுதுங்கள்.

ஆயம்மாள்


ஹப்புத்தளை,
25.9.1976

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மனசு சரியில்லை. மாப்பிள்ளைக்கு மலைக் குளிர் சேரவில்லை என்று நினைக்கிறேன். பூண்டு சுட்டுக் கொடு. வேப்பிலைக் கொழுந்து அரைத்து வாயில் தடவிப் பார்.

டிஸ்பென்சர் ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். அரசாங்கம் எடுத்ததிலிருந்து எல்லாரையும் மாற்றுகிறார்கள். புது ஆள் சிங்களவர், எனக்குப் பழக்கமில்லை. அதனால் இந்தத் தடவை டின் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள். முடிந்துவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. மாத்திரையைப் பற்றி அங்கே பேசாதே.

இங்கே கொழுந்து குறைவு. அண்ணிக்கு இடுப்புவலி அப்படியே இருக்கிறது.

எல்லப்பன்


கோயமுத்தூர், பெரிய ஆஸ்பத்திரி,
21.11.1976

அண்ணனுக்கு,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கடைசி மாத்திரை. நீங்கள் எழுதினபடி விட்டுவிட்டோம். நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் வாசலிலேயே சரிந்து விழுந்தார். கை கால் சில்லிட்டுவிட்டது. வேலாமணி ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இங்கே வெச்சுப் பாக்கற கேஸ் இல்லீங்க, கெளம்புங்க" என்று கொழுந்து லாரியிலேயே ஏற்றிவிட்டாள். அவளும் கூட வந்தாள். அந்த வளைவுகளில் லாரி இறங்கினபோது நான் அவர் மூக்கில் கை வைத்துக்கொண்டே வந்தேன்.

இங்கே ஒரு டாக்டரம்மா. வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். வந்ததும் அவர் வாயைத் திறந்து பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏனுங்கம்மா, இவருக்கு ரொம்ப நாளா ஏதாச்சும் மாத்திரை கொடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

குளுகோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுச் சளியை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சு மாதிரி வளர்ந்திருந்தது. பழைய பாண் ரொட்டியில் பூக்குமே பூசணம், அதேதான், அண்ணே. அவர் நெஞ்சுக்குள் அது வளர்கிறதாம். வாயில் படிந்ததும் இன்னொரு வகைப் பூசணம்தானாம். டிபியே இல்லையாம். அறுபது ஊசி!

"இது காத்துலயே இருக்கறதும்மா. நீங்களும் நானும் தெனமும் மூச்சுல இழுக்கறோம். நம்ம உடம்பு அதைக் கொன்னுபோடும். இவரு உடம்பு அதைக் கொல்லலை. ஏன்னு எனக்குத் தெரியணும். சக்கரை இந்த அளவுக்குச் செய்யாது. மாத்திரை ஏதாச்சும்?" என்று மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

அதற்கு மறுநாள் டாக்டரம்மா என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "உங்களைத் திட்ட மாட்டேன், போலீஸ்ல சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலைன்னா இவரு செத்துப்போவாரு. அவ்வளவுதானுங்கம்மா" என்றார். நான் சொல்லிவிட்டேன். மாரியம்மன் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். மாராப்பில் முடிந்து வைத்திருந்த கடைசி டின்னின் பிளாஸ்டிக் தாளை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒட்டியிருந்த அரை மாத்திரையைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரை இழுப்பை அடக்கும், உண்மை. கூடவே உடம்பின் காவலையும் அடக்கிவிடுமாம். பதினான்கு மாதம் தினம் மூன்று கொடுத்ததில் காவலே இல்லாமல் போய், தெருவில் போகிற பூசணமெல்லாம் உள்ளே வந்து குடியேறிவிட்டது. அது மட்டுமில்லை. அவ்வளவு நாள் தின்றதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாதாம். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிடுமாம். அதனால்தான் சரிந்து விழுந்தார். கொடுத்ததும் தப்பு, நிறுத்தினதும் தப்பு. இப்போது அதே மாத்திரையை இங்கேயே கொடுத்து, காலும் அரைக்காலுமாகக் குறைக்கிறார்கள்.

பூசணத்துக்கு மருந்து மெட்ராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. வெளிச்சம் படக்கூடாதென்று பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றி ஏற்றுகிறார்கள். ஏறத் தொடங்கி அரைமணியில் அவருக்கு நடுக்கம் எடுக்கிறது. கட்டில் ஆடுகிற நடுக்கம். நாலு போர்வை போட்டு நான் மேலே படுத்து அமுக்குகிறேன். மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள். பிழைப்பார் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார்.

அண்ணே, ஒன்று கேட்கிறேன். டாக்டரம்மா சொன்னார், இந்த மாத்திரையை எத்தனை நாள் என்று சொல்லாமல் மருந்து தெரிந்தவன் எவனும் கொடுக்க மாட்டான் என்று. டிஸ்பென்சர் ஐயா உங்களிடம் ஏதாவது சொன்னாரா? உண்மையைச் சொல்லுங்கள். இடுப்புவலியும் மழையும் வேண்டாம்.

ஆயம்மாள்


ஹப்புத்தளை,
19.12.1976

ஆயம்மா,

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

சொன்னார். முதல் தடவையே சொன்னார். "எல்லப்பா, இது பத்து நாளைக்குத்தான். பத்து நாள்ல இழுப்பு நிக்கும், கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிப்பாட்டிரு. அதுக்கு மேல வேணும்னா அங்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்றார். முந்நூறு மாத்திரை எதற்கு என்று கேட்டதற்கு, லயத்தில் இன்னும் இழுப்புக்காரர்கள் இருக்கிறார்கள், பிரித்துக் கொடுக்கப்போகிறேன் என்று பொய் சொல்லி வாங்கினேன்.

பத்து நாள் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் பத்து நாளில் மாத்திரை நிற்கும், மாப்பிள்ளைக்குத் திரும்ப இழுக்கும், நீ திரும்பவும் ஃபாரத்தைச் சொல்லித் திட்டுவாய் என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன். பிறகு உன் ஐப்பசிக் கடிதம் வந்தது. உருப்படியான காரியம் செய்தேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் கப்பல் ஏறின நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கினது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை. டிஸ்பென்சர் மாற்றலாகிப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார். உன் ஆடிக் கடிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்ததும் அவர் முகம் செத்துவிட்டது. "அடப்பாவி, இன்னமுமா குடுக்கிறே?" என்று கத்தினார். இன்றைக்கே எழுது, டாக்டரிடம் மாத்திரையைப் பற்றி எல்லாம் சொல்லச் சொல்லு, திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இனிமேல் ஒரு மாத்திரைகூடத் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். நான் உனக்கு எழுதினது என்ன என்று உனக்கே தெரியும்.

பயந்துவிட்டேன். உண்மையை எழுதினால் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என் கையால் ஆனது என்றாகிவிடும். மாத்திரை தானாகத் தீர்ந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கவில்லை, அப்படி எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

எல்லப்பன்


கட்டபெட்டு,
16.2.1977

எல்லப்பன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலன்று வந்தது. ஒரு மாதம் வைத்திருந்து பதில் எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் எழுதியிருப்பேன்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏழு வாரம் மருந்து ஏறியது. நெஞ்சில் பூசணம் இருந்த இடம் தழும்பாகிவிட்டது, இனி அந்தப் பக்கம் மூச்சு அவ்வளவாக ஓடாது என்றார் டாக்டரம்மா. உப்பின கன்னமெல்லாம் வற்றி, எலும்பு தெரிகிறது. வாசலிலிருந்து குழாயடி வரை நடப்பார், நின்று நின்று திரும்பி வருவார். கவ்வாத்துக் கத்தி இனி அவருக்கில்லை. செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள். வீட்டைக் காப்பாற்ற இரண்டாவது பேர் வேண்டுமே, பொன்னாயி பேரை எழுதிவிட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கூடையை மாட்டிக்கொண்டு போகிறாள். முதல்நாள் சாயங்காலம் வந்து விரலைக் காட்டினாள். பத்து விரலும் வெடித்திருந்தது. எண்ணெய் தடவினேன்.

உங்கள் பயத்தை எனக்கு எழுதினீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். குன்னூர் டாக்டர் கேட்டபோதும், டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டபோதும் நான் இல்லை என்று சொன்னது உங்கள் ஆணைக்காக மட்டும் இல்லை. மாத்திரையைச் சொன்னால் இழுப்பைச் சொல்ல வேண்டும், இழுப்பைச் சொன்னால் பேரை வெட்டுவார்கள். காம்பராவைக் காப்பாற்ற அவர் நெஞ்சை அடகு வைத்தேன். கடைசியில் பேரும் போய்விட்டது. மாரியம்மன் பேரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, பொன்னாயியை வெளியே அனுப்பிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். நாலாம் நாள் கஞ்சி கேட்டார். கொடுத்தேன். அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்போது பேசுகிறார்.

உங்களைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கதையும் தெரியாது, டிஸ்பென்சர் கதையும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மச்சான் கடல் தாண்டி மாத்திரை அனுப்பினார் என்பதுதான். டாக்டரம்மா எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் மூச்சு வாங்க வாங்கச் சொல்கிறார்: "எம் மச்சான் மட்டும் அந்த மாத்திரைய அனுப்பலேன்னா நான் வந்த வருசமே போய்ச் சேந்திருப்பேன். டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. பெத்த தாய்கூட அப்படி அனுப்ப மாட்டா. நான் எந்திரிச்சு நடமாடினா மொத வேலையா கப்பலேறிப் போயி அவரு கையப் புடிச்சுக் கும்புட்டுட்டு வரணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொதிக்கிற கஞ்சியை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் இறக்கினேன்.

இதை வாரம் ஒரு தடவை, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. என் பொய்யை நான் சொன்னேன். உங்கள் பொய்யை நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை.

அவர் பேருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதினதை அப்படியே எழுதுங்கள். பத்து நாளும் இருக்க வேண்டும், ஆடிக் கடிதமும் இருக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியும், நான் படித்துக் காட்டத் தேவையில்லை. வாங்கி அவர் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு அவர் உங்களோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று எனக்குத் தெரியாது, சாகிறவரை பேசாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் எழுதுங்கள்.

அது வந்து சேர்கிறவரை என் பேருக்கு எழுத வேண்டாம்.

ஆயம்மாள்